மலை மைதானத்து ஆட்டத்தைக் கைப்பேசி வழியாக ஊர் முழுவதற்கும் கொண்டு சேர்ப்பது எப்படி

நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கத்து ஊர்களில் கிரிக்கெட் மைதானம் கீழே இருக்கும். அதற்கு மேல் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகச் சரிவில் ஊர் அமர்ந்து ஆட்டம் பார்க்கும். இன்று அந்தச் சரிவில் இருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். ஆட்டத்தின் மீது அவர்களுக்குள்ள பற்றோ, தங்கள் ஹட்டியின் (படகர் மக்களின் ஊர்) அணி வெல்ல வேண்டும் என்ற தவிப்போ குறைந்துவிடவில்லை. எட்டு அணிகளையோ பதினாறு அணிகளையோ வைத்துத் தொடர் நடத்தும் சிறு கிளப்புகள், இந்த வெளியூர் ரசிகர்களை எவ்வாறு சேர்த்துக்கொள்வது, அதன் வழியாக விளம்பரதாரரை எவ்வாறு பெறுவது என்பதைச் சில ஆண்டு அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் காலம் மாறிய விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 2016-ல் இணையத் தரவின் விலை சரிந்த பிறகு, ஆட்டம் பார்க்கும் இடம் கூடத்துத் தொலைக்காட்சியிலிருந்து சட்டைப்பைக்கு நகர்ந்தது. 2022 ஜூனில் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஏலம் போனபோது, இந்தியத் துணைக்கண்டத்துக்கான தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்கும், இணைய உரிமை அதைவிடச் சற்றுக் கூடுதலாக 23,758 கோடி ரூபாய்க்கும் விற்றன. 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 5.9 கோடியைத் தொட்டது. விளம்பரதாரர்கள் கைப்பேசியை நாடுவதற்குக் காரணம் கூட்டம் மட்டுமன்று. எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அங்கே எண்ணிக் காட்ட முடிகிறது. இந்த எண்ணும் வசதி சிறு கிளப்புக்கும் அப்படியே கிடைக்கிறது என்பதை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை.

நேரலையில் தொடங்காதீர்கள், ஸ்கோரில் தொடங்குங்கள். மலையில் படம் போகாத இடத்திலும் ஸ்கோர் போய்விடும். கிரிக்ஹீரோஸ் போன்ற செயலியில் பந்துக்குப் பந்து பதிவு செய்தால், வெளியூரில் இருப்பவர் அப்போதே பார்க்கலாம். ஆட்டக்காரர்களின் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் அவரவர் பெயரில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். இந்த வேலைக்கு விளையாடாத ஒருவரை நியமியுங்கள். மட்டை பிடிக்கக் காத்திருப்பவரிடம் கொடுத்தால், அவர் களம் இறங்கும் ஓவரில் பதிவு நின்றுபோகும். அருகில் ஒருவர் நோட்டிலும் எழுதட்டும், ஏனெனில் சிக்னல் போகும் நேரத்தில் நோட்டுத்தான் கைகொடுக்கும்.

செய்தி அனுப்ப வாட்ஸ்அப் குழுவைவிட வாட்ஸ்அப் சேனல் நல்லது. குழுவில் 1,024 பேர் வரைதான் சேர முடியும், எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். சேனலில் ஒருவருடைய எண் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவில் சேரத் தயங்கியதும், சேனல் வந்தபின் தயங்காமல் பின்தொடர்ந்ததும் இந்த வேறுபாட்டால்தான்.

அடுத்தது படம். யூடியூபில் கைப்பேசியிலிருந்து நேரலை செய்ய, சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். தொலைபேசி எண் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். முதல்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே சனிக்கிழமை இரவில் சேனல் தொடங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பலாம் என்று நம்பியிருக்க முடியாது. 16 வயதுக்குக் குறைந்தவர் தனியாக நேரலை செய்யவும் அங்கே அனுமதியில்லை என்பதால், பள்ளிப் பையன்களிடம் பொறுப்பை விட்டுவிடாதீர்கள்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில், கைப்பேசியை வைக்கப்போகும் அதே இடத்தில் நின்று பதிவேற்ற வேகத்தைச் சோதியுங்கள். பத்தடி தள்ளி நின்றால் டவர் மாறிவிடும் நிலம் இது. வேகம் நிலையாக 4 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 4 மெகாபிட்) மேல் இருந்தால் 720 படத் தரத்தில் அனுப்பலாம். அதற்கு மணிக்கு ஏறத்தாழ 1.8 ஜிபி செலவாகும். இல்லையென்றால் 480 தரத்தில் 1.5 எம்பிபிஎஸ் போதும், மணிக்கு 0.7 ஜிபிக்குள் முடிந்துவிடும். என் கருத்தில் தெளிவான படம் விட்டுவிட்டு வருவதைவிட மங்கலான படம் தடையில்லாமல் வருவது மேல்.

ஒளிபரப்பும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வேறொரு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து வைஃபை எடுங்கள். எங்கள் முதல் ஆண்டு இறுதி ஆட்டத்தில், கடைசி ஓவரின் நான்காவது பந்துக்கு ஒரு சொந்தக்காரரின் அழைப்பு வந்தது, நேரலை அறுந்துபோனது, மீண்டும் இணைந்தபோது வென்ற அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் பவர் பேங்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். கைப்பேசியை நிறுத்துவதற்கு மலை நமக்குத் தரும் வசதி ஒன்று உண்டு: சமவெளியில் சாரம் கட்டி ஏற வேண்டிய உயரம், இங்கே பந்துவீச்சாளருக்குப் பின்னால் உள்ள மேட்டிலேயே கிடைத்துவிடும்.

படத்தைவிட நான் அதிகம் நம்புவது வர்ணனையைத்தான். பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தால், முதலில் எல்லைக்கோட்டுக் கொடிகள் மறையும், பிறகு ஃபீல்டர்கள் மறைவார்கள், கடைசியில் திரை முழுவதும் பால் ஊற்றியதைப்போல் ஆகிவிடும். ஒருமுறை அப்படி ஆனபோது நேரலையை நிறுத்திவிட எண்ணினோம். அப்போது பெங்களூரிலிருந்து ஒரு தம்பி, “அண்ணா, படம் தெரியாவிட்டால் பரவாயில்லை, பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்” என்று எழுதினான். வர்ணனையாளர் ஆடுகளத்துக்கு அருகே போய் நின்று, மட்டையில் பந்து படும் ஓசையையும் நடுவரின் குரலையும் கேட்டுக் கேட்டுச் சொன்னார். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அந்த நேரம் முழுவதும் விலகாமல் இருந்தார்கள்.

ஆகவே கம்பியோடு கூடிய சிறு மைக் ஒன்றை வாங்கிவிடுங்கள். காற்று இரையாமல் இருக்க அதன் தலைக்குப் பஞ்சு உறை போடுங்கள். வர்ணனை உங்கள் வீட்டு மொழியில் இருக்கட்டும். 2023-ல் ஜியோசினிமா ஐபிஎல்லை இலவசமாக ஒளிபரப்பியபோது போஜ்புரி உட்படப் பல மொழிகளில் வர்ணனை தந்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே வீட்டுப் பேச்சைத் தேடிப்போகும்போது, படகர் ஊரின் ஆட்டத்தைப் படகர் மொழியிலும் தமிழிலும் கலந்து சொல்வதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. இன்னொன்று: நேரலை சில நொடிகள் பின்தங்கித்தான் போகும். விக்கெட் விழுந்த செய்தியை வாட்ஸ்அப் சேனலில் உடனே போட்டால், படம் பார்ப்பவரின் ஆர்வம் கெடும். அரை நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

இடைவேளையில் திரைப்படப் பாடல் ஒலிபெருக்கியில் ஓடினால் பதிப்புரிமைப் புகார் வரும். ஒளிபரப்பின் ஒலியை அப்போது அடைத்துவிடுங்கள். பெரிய போட்டிகளின் காட்சித் துண்டுகளையும் சேர்க்காதீர்கள்.

இனி விளம்பரதாரர். பல ஆண்டுகளாகக் கடைக்காரரிடம் நன்கொடை கேட்டு, ஒரு பேனரில் அவர் பெயரைப் போட்டு, அதோடு மறந்துவிடுவது நம் வழக்கம். அவரும் ஊர் மரியாதைக்காகவே கொடுத்தார். இதை மாற்ற ஒரு வழி சொல்கிறேன். எங்கள் வர்க்கி (மலையின் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) பேக்கரிக்காரருக்கு வர்ணனையின் நடுவே ஓவருக்கு ஒருமுறை விளம்பரம் சொல்வதற்குப் பதிலாக, ஒரு நாளுக்கு ஒரு சொல்லை வர்ணனையில் அறிவிப்பது என்று வைத்தோம். அந்தச் சொல்லைக் கடையில் சொல்பவருக்கு அரைக் கிலோ வர்க்கியில் பத்து ரூபாய் தள்ளுபடி. அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் காலண்டர் தாளின் பின்புறத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இழுத்து, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். மாலையில் அந்தத் தாளை அவரே எங்களிடம் காட்டினார். அடுத்த ஆண்டுத் தொகையைப் பற்றி நாங்கள் வாய் திறக்கும் முன்பே அவர் பேசினார்.

பார்வையாளர் எண்ணிக்கையை ஒருபோதும் கூட்டிச் சொல்லாதீர்கள். மொத்தப் பார்வை, ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்சம், சராசரியாகப் பார்த்த நேரம் ஆகிய மூன்றும் யூடியூபின் பகுப்பாய்வுப் பக்கத்தில் இருக்கும். அதை அப்படியே படமெடுத்துக் கொடுங்கள். எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வெளியூர்ப் பார்வை அதிகமென்றால், கூரியரில் தேயிலைத் தூள் அனுப்பும் கடை உங்களுக்குப் பொருத்தமான விளம்பரதாரர். மைதானத்தில் கூட்டம் அதிகமென்றால் கடைவீதி உணவகம் பொருந்தும்.

சில பணத்தை வாங்கக் கூடாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்கிறது; புகையிலை நிறுவனத்தின் ஆதரவை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சமவெளியிலிருந்து வரும் விளம்பரதாரர் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களை அனுப்ப முன்வந்தால், நீலகிரியில் அவற்றுக்குத் தடை இருப்பதைச் சொல்லி, அதே தொகைக்குத் தண்ணீர்க் கேனும் எஃகுக் குவளைகளும் கேளுங்கள்.

பரிசுக் குலுக்கலுக்காக ரசிகர்களின் எண்களை வாங்கினால், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, அந்த வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். எந்த விளம்பரதாரர் கேட்டாலும் பட்டியலைக் கொடுக்காதீர்கள். சிறுவர் ஆட்டமென்றால் பெற்றோரிடம் கேட்காமல் அவர்கள் முகத்தை நேரலையில் காட்டாதீர்கள்.

ஆட்டம் முடிந்த இரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதமிருக்கிறது. நல்ல கேட்ச், கடைசி விக்கெட், இளம் ஆட்டக்காரர் ஒருவரின் முதல் பவுண்டரி ஆகியவற்றை முப்பது நொடிக்கு மிகாமல் செங்குத்தாக வெட்டி, மூலையில் விளம்பரதாரரின் பெயரைச் சிறிதாகப் போட்டு, முதலில் அந்த ஆட்டக்காரரின் வீட்டாருக்கு அனுப்புங்கள். சேனலில் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பச்சைத் தேயிலை பறித்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் அம்மா, மகன் பிடித்த கேட்சை எட்டு முறை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் தன் தம்பிக்கு அதை அனுப்பி வைப்பார். மறுநாள் காலைக்குள் அது எத்தனை ஊர் போயிருக்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.