ஸ்கோப் மேல் பழி, திருகில் கோளாறு

மூன்று நாளாக என் ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு முயலும் விழவில்லை. நாய் மோப்பம் பிடித்துப் புதரைக் காட்டிவிட்டு அசையாமல் உட்காரும். முயல் வெளியே வந்து காதை நிமிர்த்தி நிற்கும். நான் சுட்டால் பெல்லட் என்கிற சின்னக் குண்டு எங்கோ மண்ணைக் கிளப்பும். அப்போது நாய் என்னைத் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். வீண் வேலை. கடைசியில் 25 மீட்டரில் அட்டை வைத்து ஐந்து முறை சுட்டேன். ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. குறி மட்டும் விலகியிருந்தால் அவை ஓரிடத்தில் கூடியிருக்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்றை அழுத்தும் பிஸ்டன் பாயும்போது பின்னால் ஓர் உதை, அது முட்டி நிற்கும்போது முன்னால் ஓர் இழுப்பு. இந்த உதறலில் திருகுகள் தளர்ந்துவிடும். துப்பாக்கிக் கட்டையின் முன்திருகு விரலாலேயே சுற்றியது! உள்ளே பெல்லட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எல்லாத் திருகுகளையும் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தளராமல் பிடிக்கும் திருகுப் பசை ஒரு துளி விட்டு முடுக்கினேன். அப்புறம் முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா தாங்கிச் சுட்டேன்.

ஐந்து ஓட்டையும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. மறுநாள் நாய் வெறும் வாயோடு திரும்பவில்லை.