கரு மறுபடியும் பதியவில்லையா? அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஐ.வி.எஃப். சிகிச்சையில் கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். அதன்பின் கர்ப்பமா என்று பார்க்கும் ரத்தச் சோதனையின் பீட்டா ரிசல்ட் நெகட்டிவ் என்றதும், "உறைகரு இருக்கிறதே, அடுத்த மாதமே வைத்துவிடலாம்" என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். முதலில் டாக்டரிடம் ரிவ்யூவுக்கு நேரம் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் ரிவ்யூவுக்குப் போகும்போது நோட்டு ஒன்று கையில் இருக்கும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் ஒரு பக்கம்: கரு எத்தனையாவது நாளுடையது, லேப் கொடுத்த கிரேடு, அன்றைக்குக் கர்ப்பப்பை உட்படலம் எத்தனை மில்லிமீட்டர், கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஊசியா மாத்திரையா, டிரான்ஸ்ஃபர் குழாய் சிரமமில்லாமல் உள்ளே போனதா. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. சிரமப்பட்டிருந்தால், அடுத்த முறைக்கு முன் கரு இல்லாமல் ஒத்திகை பார்க்கச் சொல்லலாம்.

அப்புறம் சோதனைகள். பாலிப் (சிறு சதை வளர்ச்சி), ஃபைப்ராய்டு (தசைக்கட்டி), தழும்பு இருக்கிறதா என்று, கர்ப்பப்பைக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபியில் பார்க்கலாம். கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அது கர்ப்பப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கும். டிரான்ஸ்ஃபருக்கு முன்பே அதைச் சரிசெய்ய வேண்டும். தைராய்டு, ஆன்டிபாஸ்போலிப்பிட் (ரத்தம் உறையவைக்கும் எதிர்ப்பொருள்) ரத்தச் சோதனைகள், கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் சோதனை பற்றியும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம். அது சத்தமில்லாமல் கர்ப்பப்பையையும் பிடிக்கும். வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எல்லாம் நார்மல் என்று வரலாம். பல நேரம் கோளாறு கருவின் குரோமோசோமில்தான். வயது ஏற ஏற முட்டையில் அந்தப் பிழை கூடும். கரு பதியும் என்று சொல்லிக் கர்ப்பப்பை உட்படலத்தைச் சுரண்டுவது அதற்கு மருந்தாகாது. 1,364 பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், சுரண்டியதால் எந்தப் பலனும் தெரியவில்லை. இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசல் டிரிப்பையும் ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் (ESHRE) 2023 பரிந்துரை ஏற்கவில்லை. மெடிக்கல் எய்ட் (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) இதற்கெல்லாம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ராண்ட், என்ன ஆதாரம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சாட்ஸ்வர்த்தில் என் மாமியார் "அன்னாசி தொடாதே, படுத்தே கிட" என்பார். அன்னாசியை விட்டுவிட்டேன், வீட்டில் சண்டை எதற்கு! படுத்தே கிடந்தால்தான் கரு பதியும் என்றில்லை, எழுந்து நடமாடலாம். இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு அவர் நேர்ந்துகொண்டதில் எனக்கும் சம்மதம்தான். ரிசல்ட் வரும் தேதியை மட்டும் சொல்வதில்லை.

ரிவ்யூ முடிந்து எழுந்திருக்கும் முன், "அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். உருப்படியான பதில் இல்லையென்றால், லேப் ரிப்போர்ட்டுகளின் நகலை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.