ஆசிரியரின் நம்பிக்கையைக் குலைக்கும் சில தலைமையாசிரியர் தவறுகள்

மாற்றுத்திறன் உள்ள பிள்ளையையும் மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்கச் சொல்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆனால் நாகை, திருவாரூர் பக்கத்துக் கிராமப் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்கிற ஆசிரியருக்கு "என்னால் முடியுமா?" என்ற தயக்கம் இருக்கத்தான் செய்யும். அது தீருவதும் கூடுவதும் பெரும்பாலும் தலைமையாசிரியர் கையில் இருக்கிறது.

முதல் தவறுதான் ரொம்பப் பெரியது: "அது சிறப்புப் பயிற்றுநர் பார்த்துக்கொள்கிற பிள்ளை" என்று விட்டுவிடுவது. வட்டார வள மையத்திலிருந்து வரும் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள். அவர் வராத நாளெல்லாம் பிள்ளை வகுப்பாசிரியரிடம்தானே இருக்கிறது? அவர் வரும் நாளில் பிள்ளையைத் தனி அறைக்கு அனுப்பிவிட்டால் ஆசிரியர் எதையும் கற்றுக்கொள்ள வழியில்லை. தன் திறமையில் ஒருவருக்கு எப்படி நம்பிக்கை வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு வழிகளைச் சொன்னார். தானே செய்து பார்த்து ஜெயிப்பதுதான் அதில் வலுவானது. பிறர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். வெறும் பாராட்டுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆகவே கால அட்டவணையை மாற்றி, பயிற்றுநர் வரும் நாளில் ஒரு பாடவேளையாவது அவரையும் ஆசிரியரையும் ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் நடத்த வையுங்கள். அடுத்த வாரம் அதையே ஆசிரியர் தனியாகச் செய்து பார்க்கட்டும். "நீங்க நல்லாப் பண்றீங்க டீச்சர்" என்று பத்து தடவை சொல்வதைவிட இது நிற்கும்.

டெல்டாவுக்கே உரிய ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே பள்ளிக்கு அடுத்தடுத்து விடுமுறை விழும். தினசரி ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு தேறிவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளை, திரும்பி வந்ததும் அழலாம், வகுப்பை விட்டு ஓடலாம். மூன்று மாத உழைப்பும் வீண் என்று ஆசிரியர் உடைந்துபோவது அப்போதுதான். அந்த நாளில் போய் வகுப்பைப் பார்வையிட்டுக் குறை எழுதாதீர்கள். இப்படி ஆகும் என்று மழைக்கு முன்பே சொல்லிவைத்து, பள்ளி திறந்த முதல் இரண்டு நாள் பாடச்சுமையையும் குறையுங்கள்.

அப்புறம், பத்தாம் வகுப்பு. நூறு சதவீதத் தேர்ச்சி என்று மட்டும் பேசினால், அந்தப் பிள்ளை ஆசிரியருக்குப் பாரமாகத் தெரிய ஆரம்பிக்கும். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எனத் தேர்வுத் துறை தரும் சலுகைகள் இருக்கின்றன. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் விண்ணப்பிக்க வேண்டியவை இவை. கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மற்ற பெற்றோர் "அந்தப் பையனால என் பொண்ணு படிப்பு கெடுது" என்று வருவார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டியவர் தலைமையாசிரியர். ஆசிரியரை வரவழைத்து, அவர்கள் முன்னாலேயே விளக்கம் கேட்பது கூடவே கூடாது.