குப்பைப் புகார் கொடுக்கிறீர்களா? மனு வீணாகப் போகும் இடங்கள்

ஒரே சாலையில் நூறு அடி தள்ளிப் போனால் குப்பைக்குப் பொறுப்பான அலுவலகம் மாறிவிடும். ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் கிடந்தால் ஆணையர். எல்லையைத் தாண்டி ஊராட்சிக்குள் கிடந்தால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றிய அலுவலகத்தில் அந்தப் பதவியில் இரண்டு பேர் இருப்பார்கள். பெயர்ப்பலகையில் ‘கிராம ஊராட்சி’ என்று போட்டிருப்பவருக்குத்தான் எழுத வேண்டும். இதைப் பார்க்காமல் ‘மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு’ என்று பொதுவாக எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மனு தொலையாது. ஆனால் இரண்டு மூன்று மேசை சுற்றி, ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்ற பதிலோடு திரும்பும்.

ஏரிக்கரை என்றால் சிக்கல் கூடும். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதைவிடச் சிறியது ஊராட்சி ஒன்றியத்துடையது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் (சர்வே எண்) கேட்டு வாங்குங்கள். புறம்போக்கா, பட்டா நிலமா, யார் பொறுப்பு என்பது அதிலேயே தெரிந்துவிடும். பட்டா நிலமாக இருந்தால் ‘அள்ளுங்கள்’ என்று கேட்டுப் பயனில்லை. நில உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44 ஓரம் என்றால் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கு அழைத்து, கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சேலம் போகும் பக்கமா, பெங்களூரு போகும் பக்கமா என்பதையும் சொல்லுங்கள். தொப்பூர் கணவாய் மாதிரி காட்டை ஒட்டிய இடத்தில் வனச்சரக அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும்.

என்ன குப்பை என்பதும் முக்கியம். மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளின் தோலும் கொட்டையும் லோடு லோடாக ஓடையில் விழுந்தால், அது துப்புரவுப் பணியாளர் அள்ளித் தீர்க்கிற விஷயம் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மருத்துவக் கழிவும் அங்கேதான். மஞ்சள், சிவப்புப் பைகளைக் கிளறாதீர்கள், உள்ளே ஊசி இருக்கலாம். பையின் மேல் ஒட்டிய பார்கோடு லேபிளைத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் போதும், எந்த மருத்துவமனை என்று வாரியம் கண்டுபிடித்துவிடும்.

மனுவோடு கொடுக்கும் படத்தில் வரும் தவறு வேறு. குப்பையை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் அது எந்த ஊர்க் குப்பையாகவும் இருக்கலாம். மின்கம்ப எண், பெயர்ப்பலகை, மதகு என்று நகராத ஏதாவது ஒன்று படத்தில் விழ வேண்டும். கேமராவில் லொக்கேஷனைப் போட்டுவிட்டு எடுங்கள். அப்படி எடுத்ததையும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடத் தகவல் அழிந்துபோகும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் தங்கும். வண்டி கொட்டும்போது பார்த்தால் எண், நேரம், கொட்டிய பொருள் மூன்றும் போதும். இரவில் லாரியை மறிக்கப் போகாதீர்கள்.

‘எங்கள் பகுதியில் குப்பை அதிகமாக உள்ளது’ என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: ‘... கிராமம், புல எண் ..., ஏரியின் மதகுக்குத் தெற்கே, சுமார் 2 டிராக்டர் டிப்பர் அளவு கோழிக்கழிவு. 3 நாளாகக் கிடக்கிறது. அகற்றவும், வண்டி போகும் வழியில் பள்ளம் வெட்டித் தடுக்கவும் வேண்டுகிறோம்.’ தடுக்கச் சொல்லாமல் அள்ள மட்டும் சொன்னால், அள்ளிய இடத்திலேயே அடுத்த வாரம் கொட்டுவார்கள்.

நாற்றம் தாங்காமல் தீ வைத்துவிட்டுப் புகார் கொடுப்பவர்களும் உண்டு. சாட்சியும் போய்விடும், கொளுத்தியதற்கு நீங்களே பதில் சொல்ல வேண்டியும் வரும்.

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் பதிந்தாலும் கையில் கொடுத்தாலும் மனு எண் இல்லாமல் நகராதீர்கள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததும் இடத்தைப் போய்ப் பாருங்கள். குப்பை அப்படியே கிடந்தால், முதலில் நின்ற அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்த படத்தோடும் பழைய எண்ணோடும் புது மனு கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், பொதுத் தகவல் அலுவலருக்கு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு ‘எந்தத் தேதியில், யார், என்ன நடவடிக்கை எடுத்தார்கள்’ என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.