பாங்காக் தெருக்கடைகளில் சாப்பிடப் பழகுவது எப்படி?

வேலைக்காகப் பாங்காக் வந்து இறங்கும் நம்மவர்கள் பலர், முதல் சில வாரங்கள் இந்திய உணவகங்களைத் தேடி அலைந்தே காசைக் கரைக்கிறார்கள். அது தேவையே இல்லை. வீட்டுத் தெருமுனையிலேயே 50, 60 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் சுடச்சுட ஒரு தட்டு சோறு கிடைக்கும். எந்தக் கடையில் என்ன கேட்கலாம் என்று தெரிந்தால் போதும்.

கடைகளை இரண்டு வகையாகப் பாருங்கள். ஒன்று, நீங்கள் கேட்ட பிறகு அடுப்பைப் பற்ற வைக்கும் கடை. இதை ஆஹான் தாம் சாங் என்பார்கள். இன்னொன்று, காலையிலேயே குழம்பு, பொரியல் எல்லாம் சமைத்துத் தட்டுகளில் அடுக்கியிருக்கும் காவ் கேங் கடை. பின்னதில் விரலை நீட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள், சுலபம்தான். ஆனால் அங்கே எதையும் மாற்றச் சொல்ல முடியாது. அதனால் புதியவர்கள் முதல் வகையில் தொடங்குவதே நல்லது.

அங்கே முதலில் கேட்க வேண்டியது பட் கப்ராவ் கை. பூண்டையும் மிளகாயையும் நசுக்கி எண்ணெயில் போட்டு, கொத்திய கோழியைச் சேர்த்துக் கிளறி, கடைசியில் ஒரு கைப்பிடி கப்ராவ் இலையைப் போட்டு இறக்குவார்கள். அந்த இலை நம் துளசியின் இனமேதான். துளசியைக் கறியோடு சாப்பிட மனம் ஒப்பாதவர்கள் காவ் பட், அதாவது வறுத்த சோறு, கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் மேலே ஒரு பொரித்த முட்டையும் வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் கரு உடைந்து சோற்றில் இறங்கும்போது காரம் தணியும்.

காரம் நமக்குப் பழக்கம்தானே என்று துணிந்துவிடாதீர்கள். நம் குழம்பில் மிளகாய் புளியோடும் எண்ணெயோடும் நன்றாக வெந்துவிடுகிறது. இங்கே பிரிக் கீ நூ என்னும் குட்டி மிளகாய் பல உணவுகளில் பச்சையாகவே விழுகிறது. சொம் தம், அதாவது பச்சைப் பப்பாளி சாலட், விற்கும் கடையில் நின்று பார்த்தால் புரியும். அந்த அம்மா உரலில் முதலில் பூண்டும் மிளகாயும் போட்டு இடிப்பார். அப்புறம் பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, காராமணி, தக்காளி, கடைசியாகச் சீவிய பச்சைப் பப்பாளி. ஒரு கையில் உலக்கை, மறு கையில் கரண்டி. இடிப்பதும் புரட்டுவதும் ஒரே தாளத்தில் நடக்கும். மிளகாய் உரலில் விழும் முன்பே ஒரு விரலைக் காட்டிவிடுங்கள், ஒன்றே ஒன்று போடுவார். சொம் தம் தாய் என்று கேட்டால் வேர்க்கடலையும் உலர்ந்த இறாலும் சேர்ந்து வரும். புளிக்க வைத்த மீனும் உப்பு நண்டும் போட்ட வகை வேறு. அதை வயிறு பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூ என்றால் பன்றி, நுவா என்றால் மாடு. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இந்த ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். படகு நூடுல்ஸ் எனப்படும் கருஞ்சாற்று வகையில் இரத்தமும் சேர்ப்பது வழக்கம்.

சைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. நாம் பிளா என்னும் மீன் சாறும் சிப்பிச் சாறும் காய்கறிப் பொரியலிலும் உண்டு. கேட்ட பிறகு சமைக்கும் கடையில் “மை சை நாம் பிளா” என்றால் விட்டுவிடுவார்கள். குழம்பு அப்படியல்ல. அதன் மசாலா விழுதிலேயே கபி என்னும் இறால் விழுது அரைபட்டிருக்கும், பிரிக்க வழியில்லை. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துடன் ‘ஜே’, அதாவது சுத்த சைவம், என்னும் பலகை தொங்கும் கடையே உங்களுக்குப் பத்திரம். அங்கே முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது.

கவலையில்லாமல் வாங்கக்கூடிய இனிப்புகளும் உண்டு. பணியாரச் சட்டி போன்ற குழிச் சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுடும் கனோம் க்ரோக் எனக்கு மிகவும் பிடித்தது. ஓரம் மொறுமொறுப்பாக, நடு குழைவாக இருக்கும். மாம்பழத்தோடு தேங்காய்ப் பால் ஊறிய ஒட்டரிசியை மார்ச் முதல் மே வரை சாப்பிடுங்கள், அப்போதுதான் பழம் பழமாக இருக்கும்.

சில்லறை நோட்டுகள் கையில் வையுங்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு வரும்வரை கியூஆர் பலகை உங்களுக்கு உதவாமல் போகலாம். திங்கட்கிழமை நடைபாதைக் கடைகள் பல இருக்காது.

அக்டோபரை ஒட்டி, பெரும்பாலும் நம் நவராத்திரி நாட்களிலேயே, ஒன்பது நாள் ஜே திருவிழா வரும். சைனாடவுனில் உள்ள யாவ்வராட் சாலை முழுக்க மஞ்சள் கொடிகள் தொங்கும். சைவர்கள் அப்போது ஒரு மாலை அங்கே போய், எந்தெந்தக் கடை ஆண்டு முழுவதும் ஜே சமைக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.