பேனல் வாங்கும்முன் பேனல்கள் சேரும் மூட்டைப் பாருங்கள்

அமெரிக்காவின் குளிரான வெர்மான்ட்டில் எங்கள் டிம்பர் ஃப்ரேம் (மரச்சட்ட) வீட்டுக்குச் சுவர், கூரைப் பேனல் தேடியபோது, மூன்று கொட்டேஷன்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஆர் மதிப்பை (வெப்பம் கடப்பதைத் தடுக்கும் அளவு, கூடினால் நல்லது) மட்டும்தான் பார்த்தோம். அது போதாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

இந்த வகை வீட்டில் தூணும் உத்தரமும் உள்ளே தெரிய நிற்கும். பேனல் வெளியிலிருந்து போர்வை மாதிரி மூடும். சுவருக்குப் பலரும் போடுவது சிப் (SIP) பேனல், அதாவது மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய இரண்டு ஓஎஸ்பி பலகைக்கு நடுவே ஃபோம். நடுவில் இபிஎஸ் (நம் ஊர் தெர்மாகோல்தான்) இருந்தால் அங்குலத்துக்கு ஆர் 4 கிடைக்கும். 6.5 அங்குலப் பேனலில் ஃபோம் 5.5 அங்குலம்தான், ஆக ஏறக்குறைய ஆர் 22. பாலியூரித்தேன் ஃபோம் என்றால் அங்குலத்துக்கு ஆர் 6 சொல்வார்கள். ஆனால் வருடம் ஆக ஆக அது கொஞ்சம் இறங்கும். இபிஎஸ் அப்படி இறங்காது. சுவருக்கு நான் இபிஎஸ்தான் எடுத்தேன், வருத்தமில்லை.

கூரைதான் வம்பு. அலாஸ்காவின் ஜூனோவில் சிப் கூரைகள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போனது 2001-இல் பெரிய பேச்சானது. ஃபோம் கெடவில்லை. சரியாக அடைக்காத மூட்டு வழியே வீட்டின் ஈரக்காற்று ஏறி, வெளிப்பலகையின் அடியில் குளிர்ந்து நீராகி, மரத்தை அழுக வைத்தது.

எங்கள் வீட்டிலும் ஆட்கள் முகட்டு மூட்டில் ஓரிடம் டேப் ஒட்டாமல் விட்டிருந்தார்கள். வாசலில் விசிறி மாட்டிக் காற்றை வெளியே இழுக்கும் சோதனை நடந்தபோது, ஏணியில் ஏறி முகடு நெடுக ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். நேராகப் போன புகை, ஓரிடத்தில் சட்டென்று என் முகத்துக்குத் திரும்பியது. நல்லவேளை, உள்கூரை அடைக்கும்முன் செய்தோம்.

அதனால் கொட்டேஷனில் இவற்றைக் கேளுங்கள்: மூட்டுக்குள் வைப்பது முழு மரச்சட்டமா, ஃபோம் பட்டையா? மரம் என்றால் அந்தக் கோடு நெடுக குளிர் கடத்தும். உள்பக்கம் டேப் ஒட்டுவது யார் பொறுப்பு? ஸ்க்ரூ உத்தரத்துக்குள் எவ்வளவு இறங்கும்? 10.25 அங்குலக் கூரைப் பேனலுக்கு ஏறக்குறைய ஓரடி நீள ஸ்க்ரூ வேண்டும், அதன் விலையும் சேர்ந்திருக்கிறதா?

மறுபடி கட்டினால் கூரைக்குச் சிப் போடமாட்டேன். பலகை மேல் ஒட்டும் மெம்பிரேன் (காற்றும் நீரும் புகாத தாள்) விரித்து, ஃபோமை இரண்டு அடுக்காக, மூட்டு மேல் மூட்டு வராமல் அடுக்கச் சொல்வேன். கூலியும் நாளும் கூடும், தெரிந்துதான் சொல்கிறேன்.