டர்பனில் பூனைக்குட்டி வளர்க்க: முதல் சில வாரங்கள்

குட்டிக்கு 8 வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள்.

1. ஓர் அறை போதும்

முதல் நாளே வீடு முழுவதையும் திறந்துவிட்டால் குட்டி மிரண்டு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓர் அறையில் பழைய போர்வை போட்ட அட்டைப்பெட்டி வையுங்கள். மணல் தட்டு சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். ஜூன், ஜூலை குளிர்கால இரவுகளில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கமாக வையுங்கள். பிள்ளைகள் தூக்கத் துடிப்பார்கள். குட்டி தானாக வந்து மடியேறும்வரை தரையில் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.

2. சாப்பாடு

குட்டிகளுக்கான உணவை ஒரு நாளைக்கு 4 வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும். மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். மீன்குழம்பு மிச்சமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை.

3. தடுப்பூசி

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டர்பன் இருக்கும் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் (ரேபிஸ்) இன்னும் ஒழியவில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வெறிநோய் ஊசி கட்டாயம். "வெளியிலேயே போகாத பூனைக்கு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். ஜன்னல் திறந்திருக்க ஒரு நிமிடம் போதும், பூனை தெருவில் நிற்கும். 12 வாரத்தில் முதல் ஊசி, ஒரு மாதத்துக்குப் பிறகு, ஆனால் ஒரு வருடத்துக்குள், இரண்டாவது. மற்ற நோய்களுக்கான கூட்டு ஊசி 8 வாரத்திலேயே தொடங்கும். வயிற்றுப் பூச்சிக்கான மருந்தையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

தெருப்பூனையோ நாயோ உங்களைக் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

4. வீட்டுக்குள் இருக்கும் விஷம்

பாராசிட்டமால் பூனையைக் கொல்லும், பாதி மாத்திரைகூட. பெர்மெத்ரின் கலந்த நாய்த் தெள்ளுமருந்தும் அப்படித்தான். சாமி அறைக்கு வாங்கும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். குட்டி இருக்கும் வீட்டில் அந்தப் பூ வேண்டவே வேண்டாம். தீபாவளிக்குத் தரையில் அகல்விளக்கு ஏற்றும்போதும், பட்டாசு வெடிக்கும்போதும் குட்டியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

5. கருத்தடை

பெண்பூனை 4 மாதத்திலேயே சினையாகலாம். அதனால் 12 வார ஊசிக்குப் போகும்போதே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு வாருங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால், அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், பக்கத்து எஸ்பிசிஏ (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) கிளையில் விசாரியுங்கள்.